கும்பிடும்போது வரும் கெட்ட எண்ணம்

மட்டக்களப்பில் மாமாங்கத் தீர்த்தம், கந்தசஷ்டி போன்ற விரத காலங்கள் முடிந்த கையோடு எங்கள் உளநல கிளினிக்குக்குச் சிலர் வருவார்கள். யோசினை, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் தொடங்குவார்கள். கூட வந்த அம்மாவையோ கணவரையோ வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான் உண்மையான சங்கதி வரும். கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தால் அம்பாளைப் பற்றி ஆபாசமான படம் ஓடுகிறது. பிள்ளையார் முன்னால் நின்றால் உள்ளுக்குள் தூஷணம் வருகிறது. "நான் பாவியா டொக்டர்?"

இல்லை. மனிதர் எதை ஆகப் பெரிதாக மதிக்கிறாரோ அதைத்தான் இந்த எண்ணம் தேடிப் பிடிக்கும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பிள்ளையை ஏதும் செய்துவிடுவேனோ என்று வரும். பக்தருக்குத் தெய்வத்தின் மேல் வரும்.

இப்படி ஒன்று மனதில் வந்து போவது பலருக்கும் உண்டு. "சீ" என்று விட்டுவிட்டு அடுத்த தேவாரத்துக்குப் போய்விடுவார்கள். சிலரால் அது முடியாது. ஜெபம் தீட்டுப்பட்டுவிட்டது என்று 108ஐயும் முதலிலிருந்து தொடங்குவார்கள். 70இல் மறுபடி வரும். முழுகிவிட்டு வந்து திரும்பவும் ஒன்றிலிருந்து. கால் மணி நேரப் பூசை மூன்று மணி நேரமாகும். கடைசியில் சாமியறைப் பக்கமே போகமாட்டார்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் "உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது" என்ற பாட்டு இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கமலமே அழுகிவிட்டதே என்று அழுதவர்களும் உண்டு. அழுகவில்லை. இது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்.

அடக்க அடக்க ஏன் கூடுகிறது? கெட்ட எண்ணம் வந்துவிட்டதா என்று காவல் இருக்க, அதே எண்ணத்தை மனதில் வைத்திருக்க வேண்டுமே! முதலிலிருந்து எண்ணும்போது கிடைக்கிற சின்ன ஆறுதலும் ஆபத்துத்தான். எண்ணிய படியால்தான் தப்பினோம் என்று மனம் நம்பிவிடும்.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அருச்சுனனே மனதை அடக்குவது காற்றை அடக்குவது போலக் கடினம் என்கிறான். கண்ணன் அதை மறுக்கவில்லை. பழக்கத்தாலும் பற்றின்மையாலும் கைகூடும் என்கிறான். மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கிருந்து திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறானே தவிர, ஓடியதற்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. பட்டினி கிடப்பவனுக்கும் நித்திரை விழிப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்பதும் அங்கேதான் இருக்கிறது. விரதக்காரர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சரி, 70இல் எண்ணம் வந்தால்? 71க்குப் போங்கள். எண்ணம் பின்னால் வந்தால் வரட்டும். திரும்ப எண்ணாமல், முழுகாமல், பதற்றம் தானாகத் தணியும்வரை இருக்கப் பழக்குவதுதான் சிகிச்சையின் முக்கிய பகுதி. உதவியாளரோடு படிப்படியாகச் செய்வோம். செர்ட்ரலீன், புளுஒக்செட்டீன் போன்ற குளிசைகளும் உதவும். ஆனால் இந்த நோயில் பலன் தெரிய 8 முதல் 12 கிழமை ஆகலாம். பலர் மூன்றாம் கிழமையே "மருந்து பிடிக்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

வீட்டாருக்கும் குருக்கள்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "பாவமில்லை மகள்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். கேட்கும்போதெல்லாம் சொன்னால் அதுவும் இன்னொரு ஜெபமாகிவிடும். நூல் கட்டுவதோடு எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு எண்ணத்துக்கும் புதுப் பரிகாரம் சொல்வதோடுதான் சண்டை.

சாமி காதில் கட்டளையிடுகிறது என்று ஒருவர் நம்பினாலோ, நாள்கணக்கில் நித்திரை இல்லாமல் களைப்பே தெரியாமல் பாடித் திரிந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். அங்கே தியானத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். எடுத்துக்கொண்டிருக்கும் குளிசையை விரதத்துக்காக நிறுத்தவும் விடாதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அன்றைக்கே கூட்டி வாருங்கள். முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.