சுரண்டுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வென்ஹாஸ்டன் என்று ஒரு கிராமம். அங்குள்ள தூய பேதுரு தேவாலயத்தில் 1892-ல் திருப்பணி நடந்தது. பீடப் பகுதிக்கு முன்னால் இருக்கும் பெரிய வளைவின் மேல்பாதியைப் பழைய மரப்பலகைகள் அடைத்திருந்தன. முழுக்க வெள்ளையடித்த பலகைகள். எதற்கு ஆகும் என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். இரவு மழை பெய்தது. விடிந்து பார்த்தால், சுண்ணாம்பு கரைந்த இடமெல்லாம் முகங்கள்!

இறுதித் தீர்ப்பு நாள் ஓவியம் அது. வானவில்மேல் கிறிஸ்து, கீழே தராசில் ஆத்துமாக்களை நிறுக்கும் மிக்கேல் தூதர். பேதுருவிடம் வந்து நிற்பவர்களில் அரசருக்குக் கிரீடம், ஆயருக்குக் கூர்முனைத் தொப்பி, மற்றபடி உடம்பில் துணியே இல்லை. நடுவில் சிலுவை வடிவத்தில் ஒரு வெற்றிடம். மரச்சிலுவை அங்கே பொருத்தியிருந்ததால் அதற்குப் பின்னால் ஓவியர் வண்ணம் தீட்டவில்லை. தேவாலயங்களில் சிலைகளும் படங்களும் கூடாது என்று அகற்றிய பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் சிலுவை போனது, ஓவியத்தின்மேல் வெள்ளை ஏறியது. இன்று அந்தப் பலகைகள் தேவாலயத்துக்குள்ளேயே இருக்கின்றன.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எல்லா இடத்திலும் மழை வந்து காப்பாற்றாது. ஒரு கிராமத்துத் தேவாலயத்தில், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வடக்குச் சுவரை ஆள் உயரத்துக்குச் சுரண்டி முடித்திருந்தார்கள். கீழே குவிந்த தூசியைக் கையில் அள்ளினேன். வெள்ளையோடு செங்காவி கலந்திருந்தது. அந்தச் சுவரில் என்ன இருந்ததென்று இனி யாருக்கும் தெரியாது.

இடைக்கால இங்கிலாந்தில் பெரும்பாலும் காய்ந்த காரைமேல்தான் வரைந்தார்கள். வண்ணம் சுவருக்குள் ஊறியிருக்காது, மேலோடுதான் ஒட்டியிருக்கும். சுண்ணாம்பைச் சுரண்டினால் கூடவே அதுவும் வந்துவிடும். அப்புறம், சிமெண்டுப் பூச்சு. வெளியே சிமெண்டு பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்பக்கம் திரும்பும். உப்புப் பூத்து, வண்ணத்தோடு காரை பெயர்ந்து விழும்.

எங்கே தேடுவது? பீட வளைவுக்கு மேலே தீர்ப்பு நாள் ஓவியம் இருக்கலாம். தெற்கு வாசலுக்கு நேர் எதிரே, வடக்குச் சுவரில், குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்டோபர், பயணிகளின் காவலர், இருக்கலாம். வாசலில் நின்றாலே வழிப்போக்கர் கண்ணில் பட வேண்டும் என்று அங்கே வரைவார்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். வெள்ளைக்கு அடியில் மேடுபள்ளமோ, பெயர்ந்த ஓரத்தில் சிவப்போ மஞ்சளோ தெரிந்தால், சரி, வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு தேவாலயக் கட்டட வேலைகளுக்கு ஆலோசனை சொல்லும் மறைமாவட்ட ஆலோசனைக் குழுவைக் கூப்பிடுங்கள்.