எந்த விரல்?

கை வலிக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த விரல்?" என்றுதான். லேப்டாப்பில் கேம் விளையாடுகிறவராக இருந்தால், அந்தப் பதிலை வைத்தே அவர் எதைப் பிடித்து விளையாடுகிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இயன்முறை சிகிச்சையில் பல வருடம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தால் வருகிற பழக்கம் இது.

சில மாதங்களுக்கு முன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர் வலது கட்டைவிரலைக் காட்டினார். விரலில்கூட இல்லை, அதன் அடியில், மணிக்கட்டோரம் வலி. பாட்டில் மூடியைத் திருகினாலே சுரீரென்கிறதாம். அடுத்த முறை லேப்டாப்பையும் எடுத்துவரச் சொன்னேன். "இங்கேயே விளையாடிக் காட்டுங்க" என்றதும் ஒரே சந்தோஷம் அவருக்கு. இடது கை, கேமில் நடக்க வைக்கும் டபிள்யூ, ஏ, எஸ், டி எழுத்துகளின் மேல். வலது ஆள்காட்டி விரல் டச்பேடில் இழுக்கிறது. கட்டைவிரல் க்ளிக் செய்யத் தயாராக அந்தரத்தில் நிற்கிறது. முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டி, தோள்கள் முன்னால் சுருண்டு கிடந்தன. ஐந்து நிமிடத்தில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கழுத்து வலித்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவர் எழுத்தை அழுத்தும்போதெல்லாம் டச்பேட் ஒரு கணம் உறைந்து நின்றது. டைப் செய்யும்போது உள்ளங்கை பட்டுக் கர்சர் தாவிவிடக் கூடாது என்று, அந்த நேரத்துத் தொடுதலைக் கண்டுகொள்ளாமல் விடும் ஏற்பாடு பல லேப்டாப்களில் உண்டு. கேமிலோ நடப்பதும் திரும்புவதும் ஒன்றாக நடந்தாக வேண்டும். நகரவில்லை என்றதும் அவர் விரலை இன்னும் அழுத்தினார். அழுத்தி அழுத்தி வலியைத்தான் வாங்கிக்கொண்டார். செட்டிங்கில் போய் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடலாம்தான். அப்புறம் உள்ளங்கை பட்டுக் குறி தவறும். சீட்டாட்டம், புதிர் இதற்கெல்லாம் டச்பேட் போதும். ஓடித் திரும்பிச் சுடுகிற கேமுக்கு அது வேண்டவே வேண்டாம்.

"அப்போ கேம்பேட் வாங்கிடட்டுமா?" என்றார். இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரல்களால் இயக்கும் கருவி அது. நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவுகிற இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டோரம் ஒரே உறைக்குள் நுழைந்து போகின்றன. அந்த உறை தடித்துப்போனால் வருவது இந்த வலி. 1895-இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவெர்வெய்னின் பெயராலேயே இன்றும் அழைக்கிறோம். கேம்பேட் என்பது முக்கால்வாசி கட்டைவிரல் உழைப்பு. கட்டைவிரலால் பந்தை உருட்டிக் கர்சரை நகர்த்தும் டிராக்பாலும் அப்படித்தான். ஏற்கெனவே நொந்த விரலிடம் மேலும் வேலை வாங்குவானேன்? அவருக்கு நான் சொன்னது சாதாரண மவுஸ்.

சரி, எந்த மவுஸ்? கேமிங் என்று பெட்டியில் போட்டிருப்பதையும் உள்ளே எரியும் வண்ண விளக்கையும் மறந்துவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு மவுஸின் மேல் கையைத் தளர்வாக வையுங்கள். விரல் நுனி பட்டன்களைத் தாண்டித் தொங்கினால் மவுஸ் சிறியது. சுண்டுவிரல் மேசையில் இழுபட்டால் குறுகலானது. பக்கவாட்டுப் பட்டனைத் தொடப் பிடியை மாற்ற வேண்டியிருந்தால் அதுவும் உங்களுக்கானது இல்லை. பையில் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கிற தட்டையான குட்டி மவுஸைப் பெரிய கைக்காரர்கள் பிடித்தால் விரல்கள் மடங்கி, மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்துவிடும். மணிக்கட்டின் நடுவே ஒரு குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. அங்கே அழுத்தம் கூடினால் கட்டைவிரலிலிருந்து மோதிர விரலின் பாதி வரை மரத்துப்போகும், பெரும்பாலும் இரவில். சுண்டுவிரல் மட்டும் தப்பிக்கும்.

மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்துக் குறிபார்க்கிற கேம் என்றால் எடை முக்கியம். சாதாரண மவுஸ் 100 கிராம் அளவில் இருக்கும். 60 கிராம் அளவிலும் கிடைக்கிறது. கை குலுக்குவதுபோலப் பிடிக்கும் செங்குத்து மவுஸ் அலுவலக வேலைக்கு அருமை, சண்டை கேமுக்கு எனக்குத் திருப்தியில்லை. மவுஸ் சற்று நகர்ந்தால் கர்சர் எவ்வளவு தூரம் போகும் என்கிற சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அப்போது மணிக்கட்டு மட்டும் வெட்டி வெட்டித் திரும்பாமல் முன்கையும் சேர்ந்து நகரும். அதற்கு மேசையில் இடம் வேண்டும். வலப்பக்கம் எண் விசைகள் உள்ள லேப்டாப்பில் மவுஸ் எங்கோ ஓரத்துக்குப் போய்விடும், கையும் விரிந்துகொண்டே போகும், கடைசியில் தோள் வலிக்கும். எண் விசைகள் இல்லாத சின்னக் கீபோர்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் லேப்டாப்பையும் கண் மட்டத்துக்கு உயர்த்திவிடலாம்.

வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் உடனே அதைக் குறை சொல்லாதீர்கள். யுஎஸ்பி 3 போர்ட்டும் அதில் செருகிய டிரைவும் மவுஸுக்காக லேப்டாப்பில் செருகும் குட்டி ரிசீவரான 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளின் சமிக்ஞையைக் குழப்பக்கூடும். டாங்கிளை ஒரு நீட்டிப்பு வயரில் செருகி மவுஸுக்கு அருகே வையுங்கள். கர்சர் திக்கினால் கை தன்னையறியாமல் இறுகும், அதனால்தான் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டைவிரல் நன்றாக இருக்கிறவர்களுக்குக் கார் பந்தயம், கால்பந்து, தாவிக் குதிக்கும் கேம்களுக்கெல்லாம் கேம்பேடுதான் சுகம். லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டு, நன்றாகச் சாய்ந்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டு விளையாடலாம். கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக் இரண்டு இருக்கும். எக்ஸ்பாக்ஸ் வகையில் இடது ஸ்டிக் மேலே இருக்கும், பிளேஸ்டேஷன் வகையில் இரண்டும் கீழே. கட்டைவிரலை முழுக்க நீட்டாமல் எது எட்டுகிறதோ அதை வாங்குங்கள். கையில் அசைவு குறைவாக உள்ளவர்களுக்காக 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில், தனித்தனி பட்டன்களையும் ஸ்விட்ச்களையும் செருகி, காலாலோ முழங்கையாலோகூட இயக்கலாம்.

எதை வாங்கினாலும் கேமின் செட்டிங்கை ஒருமுறை பாருங்கள். ஓடுவதற்கு விசையை அழுத்திக்கொண்டே இருக்காமல் ஒருமுறை தட்டினால் போதும்படி பல கேம்களில் மாற்றலாம். இரவில் தூக்கம் கலைகிற அளவுக்கு மரத்துப்போனாலோ, கையிலிருந்து பொருள்கள் நழுவினாலோ கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

அந்த மாணவருக்குக் கட்டைவிரல் தேறிவிட்டது. போன வாரம் மறுபடி ஃபோன் செய்தார். "மவுஸ் சூப்பர் டாக்டர். ஆனா இப்போ சுண்டுவிரல் மரக்குது. வேற மாடல் பார்க்கட்டுமா?"

"முழங்கையை எங்கே வெச்சிருக்கீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மேசை விளிம்புல."

சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டி, தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. மவுஸை மாற்ற வேண்டாம், நாற்காலியை உள்ளே இழுத்துப் போடுங்கள் என்றேன்.