முட்டுக்குக் கீழே ஒரு நரம்பு: தோற்றவன் மறுமோதலுக்கு எப்படி வருவான்?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பகலில் ஆசானிடம் அடிமுறை என்ற நம்ம ஊர்த் தற்காப்புக் கலை படிக்கிறாராம், ராத்திரி போனில் எம்.எம்.ஏ. சண்டை (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடப்பது) பார்க்கிறாராம். "அண்ணே, முட்டுக்குக் கீழ வெளிப்பக்கமா ரெண்டு மூணு உதை வாங்கினதும் அவ்வளவு பெரிய ஆளு நொண்டுறானே, அது வர்மத்துல பட்டதாலயா? அப்படித் தோத்தவன் அதே ஆளோட மறுபடி மோதணும்னா எதை மாத்திக்கிட்டு வரணும்?" வர்மம் என்பது, பட்டால் ஆளையே சாய்த்துவிடும் என்று ஆசான்மார் சொல்லும் உடம்பின் இடங்கள். கேள்வி இரண்டு. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதைத் தொட முடியாது, அதனால் வரிசையாகவே போவோம்.

இதற்கென்றே நடந்ததுபோல ஒரு சண்டை உண்டு. 2017 ஜூனில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மைக்கேல் சாண்ட்லர், பெலட்டர் என்ற எம்.எம்.ஏ. அமைப்பின் லைட்வெயிட் எடைப்பிரிவு சாம்பியனாக பிரென்ட் பிரைமஸை எதிர்கொண்டார். கீழ்க்காலில் உதை வாங்கியதும் சாண்ட்லரின் பாதம் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஊன்றும்போதெல்லாம் கணுக்கால் மடிகிறது, விழுகிறார், எழுகிறார், மறுபடி மடிகிறது. டாக்டர் வந்து சண்டையை நிறுத்தினார். மணி அடித்து இரண்டரை நிமிஷம்கூட ஆகவில்லை, பட்டம் கைமாறிவிட்டது.

உங்கள் முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே விரலால் தடவுங்கள். ஒரு குமிழ் மாதிரி எலும்பு தட்டுப்படும். அது ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பின் தலை. அதற்கு ஒரு விரற்கடை கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு வளைந்து முன்பக்கம் வருகிறது. இடுப்பிலிருந்து இறங்கும் சயாட்டிக் நரம்பு முழங்காலுக்குப் பின்னால் இரண்டாகப் பிரிகிறதே, அதில் வெளிப்பக்கக் கிளை. பெயர் காமன் பெரோனியல். தொடையில் இதற்கு மேல் கனத்த சதை இருக்கிறது, இங்கே தோலும் கொஞ்சம் சவ்வும்தான். உள்ளே எலும்பு, வெளியே எதிராளியின் கணைக்கால் எலும்பு, அம்மிக்கும் குழவிக்கும் நடுவே சிக்கிய மிளகாயின் கதிதான் அந்த நரம்புக்கு.

பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கும், பாதம் உட்பக்கம் மடியாமல் பிடித்துக்கொள்ளும் தசைகளுக்கும் கட்டளை போவது இந்த ஒரே வழியில். நன்றாக இருக்கும் நரம்பில் அந்தச் செய்தி விநாடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் ஓடும். அழுத்தம் பட்ட இடத்தில் நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை நசுங்கினால் செய்தி அங்கேயே நின்றுவிடும். இழை அறுந்திருக்காது, தசை சாகவில்லை, மூளையும் சரியாகத்தான் கட்டளை அனுப்புகிறது, ஆனால் பாதம் தொங்குகிறது. பெரும்பாலும் கொஞ்ச நேரத்திலோ சில வாரங்களிலோ சரியாகிவிடும். உறையோடு இழையும் சேதப்பட்டால் மாதக்கணக்கு.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த நரம்பு புதிதல்ல. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், நாள் பூரா குத்தவைத்து உட்கார்ந்து கொட்டை தல்லும் (உடைக்கும்) அக்காமாரிடம் கேளுங்கள், எழுந்திருக்கும்போது பாதத்தின் மேல்பக்கம் மரத்து, விரல் தரையில் இடறும். குத்தவைக்கும்போது இதே நரம்பு மெதுவாக அழுந்துகிறது. உதையில் நொடியில் அழுந்துகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, இது வர்மமா? ஆசான்மார் 108 வர்மம் என்பார்கள், படு வர்மம் 12, தொடு வர்மம் 96. அந்தக் கணக்கில் இருக்கும் பல இடங்கள், நரம்போ ரத்தக்குழாயோ எலும்பை ஒட்டி மேலாக ஓடும் இடங்கள்தான் என்று நினைக்கிறேன். தலைமுறை தலைமுறையாக அடிபட்டவனையும் அடித்தவனையும் பார்த்துச் சேர்த்த அறிவு அது, லேசில் தள்ளக்கூடாது. ஆனால் பார்வையாலேயே ஆளை வீழ்த்தும் நோக்கு வர்மம் என்று ஒருவர் சொன்னால், மன்னிக்கணும், பத்தடி தள்ளி நிற்பவனின் நரம்பை அழுத்தக் கண்ணிலிருந்து எதுவும் கிளம்பிப் போவதில்லை. எனக்கு ஆதங்கம் என்னவென்றால், நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளக்கும் சோதனை பெரிய ஆஸ்பத்திரிகளில் சர்வ சாதாரணம். ஒரு வர்மாணியை, அதாவது வர்மம் தெரிந்த ஆசானை, உட்காரவைத்து, அவர் தொடும் இடத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்க என்ன பெரிய செலவு? பொன்னாடை போர்த்தி 'நம் முன்னோர் அன்றே அறிந்தார்கள்' என்று முழங்கும் கூட்டங்களுக்கு ஆகும் காசில் பாதி போதும். அளந்தால் சில இடங்கள் உண்மை என்று தெரியும், சில இடங்கள் கழிந்துபோகும். கழிந்துபோவதற்குப் பயந்துகொண்டு அளக்காமலே இருப்பதைத்தான் நான் மூடநம்பிக்கை என்பேன்.

இனி இரண்டாவது கேள்வி. உதை வருகிறது, காலைத் தூக்கிவிட்டால் போச்சு, இதற்கென்ன பெரிய திட்டம் என்று தோன்றும். எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மிகவும் பிடித்த இடமே இதுதான், அதனால் கொஞ்சம் நிற்கிறேன்.

ஒரு சுவர் ஓரமாகப் போய் நில்லுங்கள். இடது தோளும் இடது பாதத்தின் வெளி விளிம்பும் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். இப்போது வலது காலைத் தூக்கி அப்படியே நில்லுங்கள் பார்ப்போம். முடியாது. காலில் பலம் இருக்கிறது, யாரும் பிடிக்கவில்லை, ஆனாலும் முடியாது. ஏனென்றால் வலது கால் எழும்புவதற்கு முன் உடம்பின் பாரம் முழுதும் இடது பாதத்துக்கு மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும், சுவர் அதற்கு விடவில்லை. தினமும் நடக்கும்போது இதை நாம் யோசிக்காமலே செய்துவிடுகிறோம்.

இதைவிட வேடிக்கை, அந்தப் பாரம் எப்படி நகர்கிறது என்பது. முள் வைத்த பழைய எடை மெஷினில் வலது காலையும், அதே உயரத்துக்கு அடுக்கிய புத்தகத்தில் இடது காலையும் வைத்து நின்றுகொண்டு, வலது காலை மெதுவாகத் தூக்குங்கள். பக்கத்தில் ஒருவரை முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் இறங்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? முதலில் ஏறும், பிறகுதான் இறங்கும். தூக்கப்போகிற காலையே நாம் முதலில் தரையில் அழுத்துகிறோம், அந்த உந்தலில்தான் உடம்பு மறுபக்கம் சாய்கிறது. மூளை இதை நமக்குத் தெரியாமல், நாம் 'தூக்கு' என்று நினைத்ததற்கும் பாதம் எழுவதற்கும் நடுவே முடித்துவிடுகிறது. இதற்குக் கால் விநாடியிலிருந்து அரை விநாடி வரை பிடிக்கும். அதற்கும் முன்னால், கண்ணில் பட்டதை உணர்ந்து உடம்பு அசையவே 0.2 விநாடி போய்விடுகிறது.

இப்போது கூண்டுக்குள் வாருங்கள். குத்துச்சண்டைக்காரன் மாதிரி நிற்பவன் முன்காலில் நல்ல பாரத்தோடு நிற்பான், குத்து கனமாக விழ அது வேண்டும். அந்தக் கால்தான் எதிராளிக்குக் கிட்டக் கிடைக்கும் கால். உதை கிளம்பியதைப் பார்த்துவிட்டு அவன் காலைத் தூக்க நினைக்கும்போது, முதல் வேலையாக அந்தக் காலையே இன்னும் அழுத்துகிறான். உதை அப்போது வந்து சேர்கிறது. பயிற்சியில் இது கொஞ்சம் குறையும், ஆனால் பாரம் முழுக்க முன்காலில் இருக்கும்வரை யாருக்கும் இது இல்லாமல் போகாது. ஆக, மறுமோதலுக்குத் தயாராகிறவன் 'இன்னும் வேகமாகத் தூக்குவேன்' என்று சபதம் போட்டால் வீண். உதை வருவதற்கு முன்னாலேயே பாரம் எங்கே இருக்கிறது என்பதை மாற்ற வேண்டும். ஒற்றைச் சுவடு, கூட்டச் சுவடு என்று ஆசான் காலை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி உயிரை வாங்குகிறாரே தம்பி, பாரம் ஒரே காலில் தங்காமல் ஓடிக்கொண்டே இருக்கத்தான் அந்தப் பாடு என்று எனக்குப் படுகிறது.

பாரத்தைப் பின்காலுக்குத் தள்ளினால் முன்கால் லேசாகிவிடும், நினைத்ததும் எழும், கணைக்கால் எலும்பின் மேல்பாகத்தைத் திருப்பி உதையை அதில் வாங்கலாம். இதைத்தான் செக் பண்ணுவது என்கிறார்கள். முழங்காலை ஒட்டிய இடத்தில் அந்த எலும்பு தடிமன். உதைப்பவன் கொண்டுவருவதோ அதே எலும்பின் ஒல்லியான கீழ்ப்பாதி. 2013 ஜூலையில் கிறிஸ் வைட்மனிடம் தோற்ற ஆண்டர்சன் சில்வா, டிசம்பரில் மறுமோதலுக்கு வந்து இரண்டாம் சுற்றில் இடது காலால் உதைத்தார். வைட்மன் முழங்காலோரமாக அதை வாங்க, சில்வாவின் கீழ்க்கால் எலும்புகள் முறிந்தன. அதே வைட்மன் 2021 ஏப்ரலில் யூரியா ஹாலை உதைத்தபோது ஹால் செக் பண்ண, முறிந்தது வைட்மன் கால்.

ஆனால் இதற்கு விலை உண்டு. முன்கால் லேசானால் குத்தும் லேசாகிவிடும். காலைத் தூக்கியபடி ஒற்றைக்காலில் நிற்பவனை மல்யுத்தக்காரன் அப்படியே அள்ளித் தரையில் போடுவான். வலது கால் முன்னே, இடது கால் முன்னே என்று நிலையை மாற்றலாம், பழகாத நிலையில் எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிப்பான் என்பது அவரவர் பாடு. எதை மாற்றினாலும் வேறு எங்கோ ஒரு கதவு திறக்கும். அதனால்தான் கெட்டிக்காரப் பயிற்சியாளர்கள், எதிராளிக்கு எந்தக் கதவில் நுழையத் தெரியாது என்று பார்த்துவிட்டு அதைத் திறந்து வைக்கிறார்கள்.

சாண்ட்லர் செய்தது அதற்கும் மேலே ஒரு படி. 2018 டிசம்பரில் ஹொனலூலுவில் மறுபடி பிரைமஸ். உதைக்கு ஒரு தூரம் வேண்டும், குத்தைவிட அதிகம். அந்தத் தூரத்தையே சாண்ட்லர் கொடுக்கவில்லை. கல்லூரிக் காலத்து மல்யுத்தத்தை எடுத்து, நெருங்கிப் பிடித்துத் தரையில் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்தார். படுத்துக்கிடப்பவன் எப்படி ஆடுசதையில் உதைப்பான்? ஐந்து சுற்றும் போய், மூன்று நடுவர்களும் சாண்ட்லருக்கே கொடுத்தார்கள். உதையை எப்படித் தடுப்பது என்ற கேள்வியையே அவர் எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கு மிகவும் பிடித்த மறுமோதல் இது.

கானர் மெக்ரெகர் கதை வேறு மாதிரி. 2016 மார்ச்சில் நேட் டயஸிடம் கழுத்து நெரிபட்டுத் தோற்றவர், ஆகஸ்டில் திரும்பி வந்து டயஸின் கனத்த முன்காலை விடாமல் உதைத்தார், மூச்சையும் சேமித்து வைத்து ஐந்து சுற்று ஓட்டி, பெரும்பான்மைத் தீர்ப்பில் ஜெயித்தார். அந்த அளவுக்கு அந்த ஆயுதத்தின் அருமை தெரிந்தவர், 2021 ஜனவரியில் அபுதாபியில் டஸ்டின் போரியரை எதிர்கொண்டபோது தாமே முன்காலில் பாரத்தைப் போட்டு நின்றார். 2014-இல் முதல் சுற்றிலேயே போரியரை வீழ்த்தியிருந்தார், குத்து விழுந்தால் போதும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். இந்தத் தடவை, முன்பு தோற்ற போரியர் பக்கமிருந்துதான் மாற்றம் வந்தது. போரியர் அந்தக் காலின் வெளிப்பக்கத்தை உதைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் சுற்றில் மெக்ரெகரால் காலைச் சரியாக ஊன்ற முடியவில்லை, பின்வாங்க வேண்டிய நேரத்தில் கால் வரவில்லை, கூண்டோரம் நின்றபடியே குத்து வாங்கிச் சரிந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் தம்மை வீழ்த்தியவரை போரியர் முடித்தது கையால்தான்.