டி செல்லின் பிரேக்கை விடுவிக்கும் மருந்து

உட்கரு உள்ள நம் செல்கள் அனைத்தும், தமக்குள் தயாராகும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, அத்துண்டுகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் அவற்றைத் தடவிப் பார்த்தபடி உடலைச் சுற்றி வருகின்றன. துண்டு நம்முடையது என்றால் கடந்து போகும். அந்நியமானது என்றால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். புற்றுநோய்ச் செல்லின் மரபணுக்கள் பல இடங்களில் மாறியிருப்பதால், அது காட்டும் துண்டுகளில் சில அந்நியமாகவே இருக்கும். அப்படியிருந்தும் கட்டி ஏன் வளர்கிறது?

அடையாளம் கண்டவுடன் டி செல் பாய்ந்துவிடுவதில்லை. சிடி28 என்ற ஏற்பியின் (செல்லின் மேற்பரப்பில் சமிக்ஞை வாங்கும் புரதம்) வழியாக அதற்கு இரண்டாவது அனுமதியும் கிடைக்க வேண்டும். அனுமதி கிடைத்துக் கிளர்ந்தெழுந்த பின், அதே செல் சிடிஎல்ஏ-4 என்ற வேறோர் ஏற்பியை வெளியே கொண்டுவருகிறது. சிடி28 பற்றும் அதே மூலக்கூறை இது இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்வதால் அனுமதி நின்றுபோகிறது. இந்த பிரேக் மிக அவசியமானது. மரபணு மாற்றத்தால் அது இல்லாமல் பிறந்த எலிகள், தம் டி செல்களே உறுப்புகளைச் சிதைத்ததால் சில வாரங்களில் இறந்துபோயின.

அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் அலிசன், சிடிஎல்ஏ-4ஐ ஓர் ஆன்டிபாடியால் (குறிப்பிட்ட மூலக்கூறில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் புரதம்) மூடிவிட்டால் டி செல்கள் புற்றுநோயைத் தாக்குமா என்று எலிகளில் சோதித்தார். கட்டிகள் கரைந்தன, 1996இல் அந்த முடிவு வெளியானது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் குழு 1992இலேயே பிடி-1 என்ற இன்னொரு பிரேக்கைக் கண்டுபிடித்திருந்தது. புற்றுநோயின் தந்திரம் இங்கேதான் துலங்குகிறது: பல கட்டிகள் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தம் மேல் போர்த்திக்கொண்டு, கொல்ல வந்த டி செல்லின் பிடி-1ஐ அழுத்தி, அதை நின்ற இடத்திலேயே சோர்வடையச் செய்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஆன்டிபாடி புகுந்தால் அந்த அழுத்தம் விலகுகிறது. மருந்து தானாக எதையும் கொல்வதில்லை, கொல்வது டி செல்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. இருவரும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மூளைவரை பரவியிருந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு பிடி-1ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தும் தரப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்கேனில் புற்றுநோய் தென்படவில்லை. 2024இல், தம் 100ஆவது வயதில்தான் அவர் மறைந்தார். எல்லோருக்கும் இப்படிப் பலிப்பதில்லை. வெயிலால் வரும் தோல் மெலனோமாவிலும் புகையால் வரும் நுரையீரல் புற்றுநோயிலும் மரபணு மாற்றங்கள் ஏராளம் என்பதால், டி செல்லுக்கு அடையாளங்களும் ஏராளம். கணையப் புற்றுநோயிலோ டி செல்கள் கட்டிக்குள் நுழைவதே அரிது.

பிரேக்கை விடுவித்தால் டி செல்கள் குடல், தைராய்டு, தோல், நுரையீரல் ஆகியவற்றின் மீதும் திரும்பக்கூடும். ஆகவே இம்மருந்து எடுப்பவர் வயிற்றுப்போக்கைச் சாப்பாட்டுக் கோளாறு என்று எண்ணி, மோர் குடித்துச் சமாளிக்காமல், அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும். பாதிப்பு கடுமையானால், மருந்தை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு கொடுத்து டி செல்களை மறுபடி அடக்குகிறார்கள்.