‘சந்தைக்கு வெளியிலான சொத்து’ என்பது என்ன தமிழ்?

வேலூர்ப் பக்கம் மனை வணிகம் பேசுகிறவர்கள் வாயில் இப்போது ‘சந்தைக்கு வெளியிலான சொத்து’ என்ற தொடர் புரள்கிறது. ‘ஆஃப் மார்க்கெட்’ என்பதற்குத் தமிழாம். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவரிடம் சொல்லிப் பாருங்கள். சந்தைத் திடலுக்கு அந்தப் பக்கம் உள்ள நிலம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் மேல் குற்றமில்லை.

மார்க்கெட் என்பது வணிகத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. வேர் அவ்வளவுதான், வழக்குதான் சிக்கல். அமெரிக்காவில் விலைக்கு வரும் வீடுகளை முகவர்கள் ‘எம்.எல்.எஸ்.’ என்னும் பொதுப் பட்டியலில் ஏற்றித் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். அதில் ஏறாமலே கைமாறுவது ஆஃப் மார்க்கெட். நம் பக்கம் அப்படியொரு பட்டியல் வழக்கத்தில் இல்லை. காட்பாடியில் ஒரு மனை விலைக்கு வந்தால் தரகர் சொல்லித்தான் பலருக்கும் தெரியும். அந்தக் கணக்கில் நம் ஊர்ச் சொத்தில் பெரும்பகுதி ‘சந்தைக்கு வெளியே’தான் கிடக்கிறது!

‘வீடு விலைக்கு வருகிறது’ என்று காலங்காலமாகச் சொல்கிறோம். ‘விலைக்கு வராத சொத்து’ என்றால் யாருக்குப் புரியாது? விற்க மனமிருந்தும் வெளியே சொல்லாதவர் சொத்து இதில் அடங்காதே என்பார்கள். அதை ‘விளம்பரத்துக்கு வராத சொத்து’ என்று பிரித்துச் சொல்லலாமே. சந்தையை ஏன் இழுக்க வேண்டும்?

இதன் தம்பி ‘நேரடி அஞ்சல்’, ‘டைரக்ட் மெயில்’ என்பதற்குத் தமிழாம். உரிமையாளர் பெயருக்கே கடிதம் எழுதி, விற்கிறீர்களா என்று கேட்கும் முறைக்கு இந்தப் பெயர். இந்திய அஞ்சல் துறையின் ‘டைரக்ட் போஸ்ட்’ இதற்கு நேர்மாறு: முகவரியில்லாத துண்டறிக்கையை வீடுவீடாகப் போடுவது. நேரடி என்ற ஒரே சொல் இரண்டையும் குழப்பிவிடுகிறது. ‘விலைகேட்புக் கடிதம்’ என்றால் வந்த காரியமும் விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லை மட்டும் இறக்குமதி செய்கிறார்கள், சூழலைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் சொத்துவரிப் பதிவேட்டிலேயே உரிமையாளரின் அஞ்சல் முகவரி இருக்கும். நம் பட்டாவில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், புல எண், பரப்பு இருக்கும். கடிதம் போட முகவரி இராது. சத்துவாச்சாரியில் முள் மண்டிய மனைக்குச் சொந்தக்காரர் சென்னையில் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். ‘நேரடி அஞ்சல் அனுப்புங்கள்’ என்று எழுதுகிறவர்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.