கோ அரவுண்ட் என்று யார் சொன்னாலும் சரி

கோ பைலட் என்றால் கேப்டனுக்கு ஒத்தாசையாக உட்கார்ந்திருப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், என் சொந்தக்காரர்கள் உட்பட. அப்படி இல்லை. காக்பிட்டில் ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் கண்காணிப்பார், அடுத்த பயணத்தில் பெரும்பாலும் இந்த வேலை கைமாறும். அதாவது, இன்று உங்களைத் தரையிறக்கியது அந்த இளம் ஃபர்ஸ்ட் ஆஃபீசராகவே, அதாவது கோ பைலட்டாகவே, இருந்திருக்கலாம். தரையிறங்கும்போது கண்காணிப்பவரின் வேலைதான் கடினம் என்பது என் எண்ணம். விமானத்தை இயக்கும் ஸ்டிக் அவர் கையில் இல்லை, சரியில்லாததை வாய் திறந்து சொல்லியே ஆகவேண்டும். தேவைப்பட்டால் "கோ அரவுண்ட்", அதாவது இறங்காமல் மறுபடி மேலேறு, என்றும் சொல்லவேண்டும்.

இறங்கத் தொடங்குவதற்கு முன்பே பிரீஃபிங் நடந்துவிடும். எந்த ரன்வே, காற்று எந்தப் பக்கம், தரை ஈரமா, இறங்க முடியாமல் போனால் எந்த உயரத்துக்கு ஏறி எந்தப் பக்கம் திரும்புவது, மிச்சமிருக்கும் எரிபொருளில் இன்னொரு முறை முயலலாமா அல்லது நேராக வேறு ஊருக்கே போய்விடுவதா என்று எல்லாவற்றையும் பதற்றமில்லாத நேரத்திலேயே பேசி முடிவு செய்துகொள்வோம். 10,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் வேலையைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

அப்புறம் 1,000 அடி. பல நிறுவனங்களில் இதுதான் வாசல். இந்த உயரத்தில் சக்கரம் இறங்கியிருக்க வேண்டும், ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கத்தில் விரியும் தகடு) இறங்குவதற்குக் குறித்த அளவுக்கு விரிந்திருக்க வேண்டும், வேகம் குறித்த அளவுக்குள் நிற்க வேண்டும், இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டக் கூடாது, செக்லிஸ்ட் முடிந்திருக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் கண்காணிப்பவர் "ஸ்டேபிள்" என்பார். ஒன்று குறைந்தாலும் "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்". அந்தச் சொல் வந்துவிட்டால் வாதம் கிடையாது, இன்ஜின் விசையைக் கூட்டி மேலேறிவிட வேண்டும். யார் சொன்னது, அவருக்கு எத்தனை வருட அனுபவம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் கணக்கில்லை.

இது நடக்காமல் போனதால் என்ன ஆனது என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு விபத்துகள் இருக்கின்றன. 2010 மே 22, மங்களூரு. துபாயிலிருந்து வந்த விமானம் இருக்கவேண்டியதைவிட மிக அதிக உயரத்தில் ரன்வேயை நெருங்கியது. ஃபர்ஸ்ட் ஆஃபீசர் மூன்று முறை கோ அரவுண்ட் சொன்னார், கேப்டன் தொடர்ந்து இறக்கினார். சுமார் 8,000 அடி ரன்வேயில் 5,200 அடி போன பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. இறந்தவர்கள் 158 பேர், பிழைத்தவர்கள் 8 பேர். அந்தப் பயணத்தில் கேப்டன் நீண்ட நேரம் தூங்கியிருந்தார் என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

பத்து வருடம் கழித்து 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. கொட்டும் மழை, பின்னாலிருந்து காற்று, ரன்வேயில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் விமானம் தரையைத் தொட்டது. அன்றும் கண்காணித்தவர் கோ அரவுண்ட் சொல்லியிருக்கிறார், அன்றும் அது நடக்கவில்லை. இரண்டு விமானிகளும் சேர்த்து 21 பேர் போய்விட்டார்கள். ஓட்டியவர் விதிமுறையைப் பின்பற்றவில்லை என்பதோடு, கண்காணித்தவர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்காததையும் விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது. எனக்கு மனதில் தைத்தது அந்த இரண்டாவது வரிதான். சொன்னால் மட்டும் போதாது, கேட்காவிட்டால் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லிக் கட்டுப்பாட்டை வாங்கிவிட வேண்டும்.

வாங்குவது லேசா? பெரியவரை எதிர்த்துப் பேசாதே என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். "சார், கொஞ்சம் ஹையா இருக்கோமோ?" என்று இழுத்துத்தான் சொல்வார்கள். ஓட்டுபவர் அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு சரிசெய்து கொண்டிருப்பார், அதற்குள் ஓரிரு நூறு அடி போய்விடும். அதனால் பயிற்சியில் நான் கேட்பது, உயரம் இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று எண்ணைச் சொல்லுங்கள், பதில் வராவிட்டால் இன்னொரு முறை சொல்லுங்கள், அதற்கும் பதில் இல்லையா, அவர் செயலிழந்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டு விமானத்தின் கட்டுப்பாட்டை வாங்குங்கள். அதே அளவு பொறுப்பு கேப்டனுக்கும் உண்டு. புதிதாக ஒருவருடன் பறக்கும்போதெல்லாம் நான் தரையிலேயே சொல்லிவிடுவேன்: "நீங்க கோ அரவுண்ட்னு சொன்னா நான் போயிடுவேன், ஏன்னு அப்புறம் பேசிக்கலாம்." அதைக் கேட்டதும் சில முகங்களில் தெரிகிற நிம்மதியே, இதைச் சொல்லாத கேப்டன்களும் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. இறங்கப்போன விமானம் இரைச்சலோடு மேலே ஏறினால் அது பெரும்பாலும் ஆபத்தின் அறிகுறி அல்ல, இரண்டு பேரும் முன்பே பேசி வைத்தபடி எடுத்த முடிவு. அறிவிப்பு வரச் சில நிமிடங்கள் ஆகலாம், காரணம், சக்கரத்தை மடக்கி, ஃபிளாப்பைக் குறைத்து, கண்ட்ரோல் டவரிடம் பேசி, மறுபடி இறங்கும் முயற்சிக்குத் தயார் செய்துவிட்டுத்தான் மைக்கை எடுக்க முடியும். அதுவரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள், கேபின் குழுவை அழைத்து என்ன ஏது என்று கேட்காதீர்கள். அவர்களும் இருக்கையில் பெல்ட்டோடு, காக்பிட்டிலிருந்து வரும் தகவலுக்குத்தான் காத்திருக்கிறார்கள்.