யாத்திராகமம் 30ஐ முழுதாக வாசித்துவிட்டு அந்தப் பாட்டிலை வாங்குங்கள்

‘யாத்திராகமம் 30இன்படி தயாரித்த பரிசுத்த அபிஷேக தைலம்’ என்று லேபிள் ஒட்டிய சின்னப் பாட்டில்கள் கன்வென்ஷன் பந்தல் வாசலுக்கு மறுபடியும் வந்துவிட்டன. லேபிள் அச்சடித்தவர் அந்த அதிகாரத்தின் 25ஆம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிட்டார் போல. இன்னும் எட்டு வசனம் வாசித்திருந்தால் அதை ஒட்டக் கை வந்திருக்காது.

முதலில் சேர்மானத்தைப் பாருங்கள். வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு குடம். ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல். சரக்கு மட்டுமே 17 கிலோவுக்குக் கிட்ட வருகிறது. ‘குடம்’ என்றதும் நம் தண்ணீர்க் குடத்தை நினைக்காதீர்கள். எபிரெய மூலத்தில் இருப்பது ‘ஹின்’ என்ற அளவு, நாலு லிட்டருக்குள் அடங்கும். அவ்வளவு எண்ணெயில் 17 கிலோ சரக்கை இடித்துக் கொட்டினால் கிடைப்பது தைலமல்ல, துவையல். தைலக்காரன் செய்கிற முறைப்படி செய்யவேண்டும் என்று வசனம் சொல்வது சும்மா இல்லை.

அந்தத் தைலம் போன இடங்களும் எழுதப்பட்டிருக்கின்றன: ஆசரிப்புக் கூடாரம் (வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆராதித்த கூடாரம்), உடன்படிக்கைப் பெட்டி, மேஜை, குத்துவிளக்கு, பீடங்கள், தொட்டி, பிறகு ஆசாரியர்களான ஆரோனும் அவன் குமாரரும். அத்தோடு சரி. 32, 33ஆம் வசனங்கள் கதவைச் சாத்துகின்றன: மற்ற மனிதர் உடம்பில் வார்க்கக்கூடாது, இதே முறையில் இன்னொன்று செய்யக்கூடாது, செய்கிறவன் தன் ஜனத்தில் இராமல் அறுப்புண்டு போவான். தூபவர்க்கத்துக்கும் இதே தடை, அதே அதிகாரத்தின் கடைசியில். ஆக லேபிள் பொய் என்றால் வாங்குகிறவர் ஏமாந்தார். உண்மை என்றால் செய்தவரே அந்த வசனத்தை மீறினார். எப்படிப் பார்த்தாலும் வாங்க முகாந்தரம் இல்லை.

உடனே யாக்கோபு 5:14ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாருங்கள், அதையும் நிதானமாக வாசிப்போம். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கிறான். அவர்கள் கர்த்தருடைய நாமத்தினாலே எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள். எந்த எண்ணெய்? அங்கே இருக்கும் கிரேக்கச் சொல் வீட்டிலிருக்கும் சாதாரண ஒலிவ எண்ணெய்க்கான சொல். நல்ல சமாரியன் காயத்தில் வார்த்தானே, அதே எண்ணெய். சரக்கு, சேக்கல், பக்குவம் எதுவும் யாக்கோபுவில் இல்லை. அடுத்த வசனம் பிணியாளியை இரட்சிப்பது எது என்கிறது? விசுவாசமுள்ள ஜெபம். எண்ணெய் என்று சொல்லவில்லை. பாட்டிலுக்குள் வல்லமையை அடைத்து விற்பவர்களுக்கு இந்த 15ஆம் வசனம் மட்டும் ஏனோ கண்ணில் படுவதே இல்லை.

உடன்படிக்கைப் பெட்டி மாதிரிகளின் கதை இதைவிடக் கொடுமை. பொன்வண்ணம் அடித்த சின்ன உடன்படிக்கைப் பெட்டியை வாங்கி ஜெப அறையில் வைத்தால் வீட்டுக்குள் சத்துரு வரமாட்டானாம். 1 சாமுவேல் 4ஐத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தது மாதிரி அல்ல, அசல். சீத்திம் மரத்தால் செய்து, உள்ளும் புறமும் பொன்தகடு மூடிய, இரண்டரை முழ நீளப் பெட்டி. அதைப் பாளயத்துக்குள் கொண்டுவந்ததும் இஸ்ரவேலர் போட்ட ஆரவாரத்தில் பூமி அதிர்ந்தது. முடிவு? 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டி எதிரிகளான பெலிஸ்தர் கையில் போனது. அசல் பெட்டியே தாயத்தாக வேலை செய்யவில்லை.

சரி, அது எதற்குத்தான் இருந்தது? பெட்டிக்குள் பத்துக் கட்டளைகள் எழுதிய நியாயப்பிரமாணக் கற்பலகைகள். அதன் மேல் மூடியாகப் பசும்பொன்னில் கிருபாசனம், இரு முனைகளிலும் சிறகு விரித்த கேருபீன்கள். வருடத்தில் ஒரே நாள், பிரதான ஆசாரியன் பலியின் இரத்தத்தோடு, பெட்டி இருந்த மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் வந்து கிருபாசனத்தின்மேலும் அதற்கு முன்பாகவும் தெளித்தான் (லேவியராகமம் 16). மக்கள் மீறின பிரமாணம் கீழே, தேவ சமுகம் மேலே, நடுவில் இரத்தம். பவுல் ரோமர் 3:25இல் கிறிஸ்துவுக்குச் சூட்டும் கிரேக்கச் சொல் ‘ஹிலஸ்தேரியோன்’. எபிரெயர் 9:5இல் கிருபாசனத்துக்கு வரும் சொல்லும் அதுவேதான். தமிழ் வேதாகமம் ஓரிடத்தில் ‘கிருபாசனம்’, இன்னோரிடத்தில் ‘கிருபாதாரபலி’ என்று போட்டதால் நமக்கு அந்தத் தொடர்பு மறைந்துபோனது. பிரசங்கிக்கிறவர்கள் இதை எடுத்துச் சொல்லுங்கள், புண்ணியமாய்ப் போகும். இயேசு மரித்தபோது ஆலயத்தின் திரைச்சீலை கிழிந்ததே, அந்தத் திரைக்குப் பின்னால் பெட்டியே இல்லை. இரண்டாம் ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம் வெறுமையாகத்தான் இருந்தது. இனி அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், அது மனதிலும் எழும்பாது என்று எரேமியா (3:16) முன்னமே சொல்லிவிட்டார்.

குத்துவிளக்கு பற்றி ஒரு வார்த்தை. பெயரைக் கேட்டதும் நம் வீட்டு விளக்கு ஞாபகம் வரும். அங்கே இருந்தது ஒரு தாலந்து (ஏறக்குறைய 34 கிலோ) பசும்பொன்னை அடித்துச் செய்த, ஆறு கிளைகளும் ஏழு அகல்களும் கொண்ட விளக்கு. கடையில் ஒன்பது அகல் வைத்து ‘ஆலய விளக்கு’ என்று தந்தால் அது யூதரின் அனுக்கா பண்டிகை விளக்கு. ஆசரிப்புக் கூடாரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

இன்னொன்று, கூடாரத்தின் முளைக்கும் கொளுக்கிக்கும் நிறத்துக்கும் ஆளுக்கொரு அர்த்தம் கட்டுவதை நிறுத்துங்கள். புதிய ஏற்பாடு தானே விளக்கியதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: திரை அவருடைய மாம்சம் (எபிரெயர் 10:20), தூபவர்க்கம் பரிசுத்தவான்களின் ஜெபம் (வெளிப்படுத்தல் 5:8). ஒரு மாதப் பிரசங்கத்துக்கு இதுவே தாராளம்.

நோயாளி இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணெய் பூசிவிட்டார்கள் என்பதற்காகச் சர்க்கரை மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்தாதீர்கள். யாக்கோபு அப்படி எங்கும் சொல்லவில்லை. வாசனை எண்ணெயைக் குடிக்கக் கொடுக்காதீர்கள், குழந்தைகளின் கண்ணிலோ திறந்த புண்ணிலோ விடாதீர்கள். பாட்டிலுக்குள் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பெட்டி அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும், ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த உதவும். அதன்முன் மெழுகுவர்த்தி ஏற்ற ஆரம்பித்தால் எசேக்கியா ராஜா வெண்கலச் சர்ப்பத்துக்குச் செய்ததைச் செய்யுங்கள். மோசே செய்த சர்ப்பம்தான்; ஜனங்கள் தூபங்காட்டினார்கள் என்று உடைத்துப்போட்டான். எண்ணெய் கலப்பில்லாத ஒலிவ எண்ணெய் என்று உறுதியாகத் தெரிந்தால் தாளிக்கலாம். வாசனை ஏற்றியது என்றால் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.